செக் திரும்பினால் முதலில் காலண்டரைப் பாருங்கள்

சரக்கு கொடுத்ததற்கோ கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கோ வாங்கிய செக், பணமில்லை என்று வங்கியிலிருந்து திரும்பி வந்தால் பலரும் முதலில் போவது காவல் நிலையத்துக்கு. அங்கே மனுவை வாங்கிக்கொண்டு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். செக் கொடுத்தவரைக் கூப்பிட்டு, "ஒரு மாசத்துல செட்டில் பண்ணிடுறேன்" என்று எழுதி வாங்குவார்கள். அந்த ஒரு மாதத்தில்தான் உங்கள் வழக்கு கைவிட்டுப் போகிறது. இந்த வழக்கில் புகாரை நீங்களே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நேரடியாகக் கொடுக்க வேண்டும். இதை ஸ்டேஷனில் முதல் நாளே சொல்லி அனுப்பலாம். ஏனோ சொல்வதில்லை.

மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவுதான் இதற்கானது. குற்றம் நிரூபணமானால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். மீதியெல்லாம் தேதிக் கணக்கு.

செக்கில் போட்ட தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் அதை வங்கியில் போட்டிருக்க வேண்டும். திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் பணத்தைக் கேட்டு செக் கொடுத்தவருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கைக்குக் கிடைத்த பிறகு பணம் கட்ட அவருக்கு 15 நாள். அதுவும் கழிந்தால், அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். ஜூன் 5-இல் தகவல் வந்தால் ஜூலை 5-க்குள் நோட்டீஸ் கிளம்ப வேண்டும். அது ஜூலை 10-இல் அவரிடம் சேர்ந்தால், ஜூலை 25 வரை பொறுத்து, ஆகஸ்ட் 25-க்குள் புகாரைக் கொடுத்துவிடுங்கள். 15 நாள் முடியுமுன் அவசரப்பட்டுக் கொடுத்தாலும் அந்தப் புகார் செல்லாது. புகார் தாமதமானால் தக்க காரணம் சொல்லி, தாமதத்தை மன்னிக்கும்படி நீதிமன்றத்திடம் கேட்கலாம். நோட்டீஸ் தாமதத்துக்கு அந்த வழி கிடையாது.

வங்கியில் ரிட்டர்ன் மெமோ, அதாவது செக் ஏன் திரும்பியது என்று எழுதித் தரும் சீட்டு, கேட்டால், "மேனேஜர் லீவு, திங்கட்கிழமை வாங்க" என்பார்கள். அதற்குள் செக் திரும்பியதாக எஸ்.எம்.எஸ். வந்திருந்தால் அந்த நாளிலிருந்தே எண்ணுங்கள். மெமோவில் காரணமும் தேதியும் சீலும் இருக்கிறதா என்று கவுண்டரிலேயே பார்த்துவிடுங்கள். "பணம் இல்லை" என்றுதான் இருக்க வேண்டும் என்றில்லை. கணக்கை மூடிவிட்டார், பணம் தர வேண்டாமென்று நிறுத்திவிட்டார் என்று வந்தாலும் வழக்கு நிற்கும்.

நோட்டீஸில் செக் தொகையைத் தனியாக, ரூபாய் பிசகாமல் கேளுங்கள். வட்டி, செலவு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகக் கேட்டு வழக்கைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய. சரியான முகவரிக்குத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினாலும் அது சேர்ந்ததாகவே கணக்கு. பிரிக்காமல் அந்தக் கவரை அப்படியே வைத்திருங்கள்.

இன்னொரு பொறி: செக் வாங்கிய பிறகு அவர் பாதிப் பணத்தை ஜிபேயில் போட்டிருப்பார். அதைச் செக்கில் குறிக்காமல் முழுத் தொகைக்கும் வங்கியில் போட்டால் வழக்கு தோற்கும். நன்கொடையாகவோ அன்பளிப்பாகவோ வந்த செக்குக்கும் இந்தப் பிரிவு உதவாது, பின்னால் ஒரு கடனோ பாக்கியோ இருக்க வேண்டும். கம்பெனி செக் என்றால் கையெழுத்துப் போட்டவரை மட்டும் சேர்த்தால் போதாது, கம்பெனியையும் எதிரியாக (குற்றம் சாட்டப்பட்டவராக) சேர்க்க வேண்டும்.

செக் கொடுத்தவருடைய ஊர் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டாம். உங்கள் கணக்கில் போட்ட செக் என்றால், உங்கள் கணக்கு இருக்கும் கிளையின் எல்லைக்குட்பட்ட நீதிமன்றமே போதும். அப்புறம், எதிரி குற்றத்தை மறுத்த பிறகு, செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு தரச்சொல்லி உத்தரவிட 2018 முதல் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தானாக வரும் என்று காத்திருக்காமல், வக்கீலிடம் சொல்லி மனுப் போடச் சொல்லுங்கள்.