டி.என்.ஏ. பார்கோடிங்: மரபிழைப் பட்டைக்குறி

புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் விலங்கியல் படிக்கும் பிள்ளைகளிடம் 'பார்கோடிங்' சர்வசாதாரணமாகப் புழங்கும் சொல். "சாம்பிள் எடுத்தாச்சு, இனி பார்கோடிங் பண்ணணும்" என்பார்கள். அதையே தமிழில் எழுத உட்கார்ந்தால் ஒருவர் 'மரபணுச் சோதனை' என்கிறார், இன்னொருவர் 'வரிக்குறியீடு' என்கிறார். இரண்டும் ஒன்றல்ல. முதல் சொல் மிக அகலம். குற்ற வழக்கில் செய்வதும், பரம்பரை நோய்க்குச் செய்வதும் அதில் அடங்கிவிடும். இரண்டாவதில் உயிரின் வாடையே இல்லை.

பொருளை முதலில் பார்ப்போம். ஓர் உயிரின் உடலிலிருந்து டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட சிறு துண்டை மட்டும் எடுத்து, அதன் எழுத்து வரிசையைப் படித்து, ஏற்கெனவே பெயர் தெரிந்த உயிர்களின் அதே துண்டோடு ஒப்பிட்டு, இது எந்தச் சிற்றினம் என்று அறிவதுதான் டி.என்.ஏ. பார்கோடிங். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் இதை ஒரு பொதுமுறையாக முன்வைத்தார்கள். விலங்குகளுக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது சி.ஓ.ஐ. என்ற மரபணுவின் ஒரு பகுதி, சுமார் 650 எழுத்து நீளம். அந்த மரபணு இருப்பது செல்லின் உட்கருவில் அல்ல, செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில். கிரேக்கத்தில் மிட்டோஸ் என்றால் நூல், காண்ட்ரியான் என்றால் சிறுமணி. தமிழில் 'இழைமணி' என்று வைத்தவர் மூலச்சொல்லை அப்படியே பிடித்திருக்கிறார். அழகான ஆக்கம் அது.

இனி 'பார்கோட்'. 'பார்' பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. பட்டை, கம்பி என்று பொருள். 'கோட்' லத்தீனின் கோடெக்ஸிலிருந்து வருகிறது. முதலில் மரக்கட்டை, அப்புறம் மெழுகு பூசி எழுதும் பலகை, பிறகு ஏடு, கடைசியில் சட்டத் தொகுப்பு என்று அதன் பொருள் நகர்ந்தது. புதுச்சேரிக்கு இந்தச் சொல் முதலில் சட்டமாகத்தான் வந்தது. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி தங்கள் சாதி சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் 'கோட் சிவில்' கீழ் வந்தவர்களை ரெனோன்சான் என்று இன்றும் இங்கே சொல்வார்கள். கடைப்பொருளின் பார்கோடுக்குப் பிரெஞ்சில் 'கோட்-பார்' என்று பெயர்.

கடைப் பட்டைக்குறியை உருவாக்கியவர்கள் அமெரிக்காவின் ஜோசப் வுட்லண்ட், பெர்னார்ட் சில்வர். மோர்ஸ் தந்திமுறையின் புள்ளியையும் கோட்டையும் மயாமி கடற்கரை மணலில் விரலால் கீழ்நோக்கி இழுத்துப் பார்த்தபோதுதான் வுட்லண்டுக்கு யோசனை பிறந்தது. 1952இல் காப்புரிமை கிடைத்தது. 1974 ஜூன் 26 அன்று ஒஹையோவின் ட்ராய் நகரில், ஒரு சூயிங்கம் கட்டுதான் முதன்முதலாகக் கடையில் ஸ்கேன் ஆனது. அந்தப் பட்டையில் பத்து எண்களை மாற்றி மாற்றி அடுக்கி லட்சக்கணக்கான பொருள்களைப் பிரித்தார்கள். டி.என்.ஏ. இழையிலோ அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்று நான்கே எழுத்து. 650 இடத்தில் நான்கு எழுத்தை அடுக்கினால் உலகத்து உயிர்களை எல்லாம் பிரிக்க இடம் உண்டு என்பது ஹெபர்ட் குழுவின் எண்ணம்.

இந்த முறை நன்றாகக் கைகொடுக்கும் ஓர் இடம் ஆர்க்டிக் போன்ற குளிர்நிலத்துச் சிலந்திகள். அவற்றுக்கு இது ஏன் இவ்வளவு தேவைப்பட்டது?

பாகூர் நெல்வயலில் வரப்போரம் குனிந்து பார்த்தால், நெற்பயிரைத் தாக்கும் புகையான் பூச்சியை வலை பின்னாமல் ஓடியே பிடிக்கும் ஓநாய்ச் சிலந்தியைக் காணலாம். பர்டோசா சூடோஅன்னுலாட்டா என்பது அதில் நன்கு தெரிந்த ஒன்று. அதன் பேரினமான பர்டோசாவில் 500க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. சொந்தக்காரர்கள் கிரீன்லாந்து, லாப்லாந்து, வட கனடாவின் பனிவெளி வரை பரவியிருக்கிறார்கள். அங்கே உள்ளவை பெரும்பாலும் கறுப்பு, பழுப்பு நிறம்; அளவிலும் சிறிய வேறுபாடுதான். வெறும் கண்ணால் பிரிக்க வழியில்லை. சிலந்தி அறிஞர்கள் பார்ப்பது ஆணின் முகத்தருகே உள்ள உணர்கால் நுனியையும் பெண்ணின் வயிற்றடியில் உள்ள இனப்பெருக்க உறுப்பையும். பூட்டும் சாவியும்போல இவை சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறும்.

ஆனால் இது வளர்ந்த சிலந்திக்கு மட்டுமே. ஆர்க்டிக் கோடை சில வாரங்களில் முடிந்துவிடும். அங்கே ஓர் ஓநாய்ச் சிலந்தி முதிர இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம். ஆகவே பொறியில் விழுபவற்றில் குஞ்சுகளே ஏராளம், அவற்றுக்கு அந்த உறுப்புகள் வளர்ந்தே இருக்காது. முட்டைப்பையை வைத்துக்கொண்டு தாய் யாரென்று சொல்லவும் முடியாது. குளிர்நிலத்தில் மிகுந்து வாழும் லினிஃபிடே குடும்பத்துச் சிலந்திகளின் கதை இன்னும் கடினம். பல சிற்றினங்கள் இரண்டு மூன்று மில்லிமீட்டரைத் தாண்டாது.

இங்கேதான் இழைத் துண்டு உதவுகிறது. ஒரே ஒரு கால் போதும். மீதி உடல் சான்று மாதிரியாகச் சாராயத்தில் பத்திரமாக இருக்கும். செல்லில் இழைமணிகள் நிறைய இருப்பதால் கொஞ்சம் திசுவிலும் டி.என்.ஏ. கிடைத்துவிடும். அதைப் பெருக்குவது பி.சி.ஆர்.; கொரோனா காலத்துக்குப் பிறகு இந்தச் சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குஞ்சோ முட்டையோ ஆணோ பெண்ணோ, எழுத்து வரிசை மாறாது.

2005இல் ஹெபர்ட்டும் ரோவன் பாரட்டும் இந்த முறையைச் சிலந்திப் பக்கம் திருப்பினார்கள். 168 சிலந்திச் சிற்றினங்களை அவர்கள் இந்த முறையில் பார்த்தார்கள். ஒரே சிற்றினத்துக்குள் எழுத்து வேறுபாடு சராசரியாக 1.4 விழுக்காடு, சிற்றினங்களுக்கு இடையே 16.4 விழுக்காடு. நடுவில் உள்ள அந்த வெற்றிடத்தைப் 'பார்கோட் கேப்' என்பார்கள். 'பட்டைக்குறி இடைவெளி' என்றே எழுதலாம்.

எல்லா இடத்திலும் இடைவெளி இப்படி விழுவதில்லை. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதியே அதுதான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கனடாவின் பெரும்பகுதி பனிப்பாளத்தின் கீழ் கிடந்தது. சிலந்திகள் தெற்கிலும், சைபீரியாவுக்கும் அலாஸ்காவுக்கும் இடையே பனி மூடாமல் கிடந்த பெரிங்கியா நிலப்பகுதியிலும் ஒதுங்கின. பனி விலகியதும் மறுபடி பரவிச் சந்தித்தன. பிரிந்து நெடுங்காலம் ஆகாதவற்றின் இழையில் வேறுபாடு சேர நேரம் போதாது. சில இடங்களில் கலப்பும் நடந்திருக்கும். இழைமணி டி.என்.ஏ. பெரும்பாலும் தாய்வழியே மட்டும் வருவது. கலப்பில் ஒரு சிற்றினத்தின் தாய்வழி இன்னொன்றுக்குள் புகுந்துவிட்டால் குறி ஒன்றைச் சொல்லும், உடல் வேறொன்றைச் சொல்லும். வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவும் தாய்வழியே பரவி, தன்னோடு ஒரே வகை இழைமணியை ஓர் இனம் முழுக்கக் கொண்டுசேர்க்கக் கூடியது.

பர்டோசா லாப்போனிக்கா, பர்டோசா கன்சின்னா என்ற இரண்டும் நல்ல எடுத்துக்காட்டு. சுவீடன் நாட்டு அறிஞர் தோரெல் 1872இலும் 1877இலும் பெயரிட்டவை. வட அமெரிக்காவின் வடக்கில் இரண்டும் ஒன்றாக வாழ்கின்றன. உருவில் அவ்வளவு நெருக்கம் என்பதால் இவை ஒரே சிற்றினம்தானோ என்ற கேள்வி எழுந்து, பட்டைக்குறியையும் உறுப்பளவுகளையும் சேர்த்தே வைத்து ஆராய வேண்டியதாயிற்று. இதுபோன்ற இடத்தில் உட்கரு டி.என்.ஏ.வையும் படித்துப் பார்ப்பது வழக்கம்.

பெயர் சரியாக இருப்பது ஏன் முக்கியம் என்பதற்குக் கிரீன்லாந்தின் சாக்கன்பர்க்கைப் பார்க்கலாம். அங்கே பர்டோசா கிளாசியாலிஸ் என்ற சிலந்தியைப் பல ஆண்டுகளாகக் கவனித்து, பனி முன்கூட்டியே உருகும் ஆண்டுகளில் அது இரண்டாவது முறையும் முட்டையிடுகிறது என்று கண்டார்கள். இரண்டு சிற்றினங்களை ஒரே பெயரில் எண்ணியிருந்தால் இந்த மாற்றம் கணக்கில் கரைந்து போயிருக்கும்.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ஜெனெடிக்ஸுக்கு நாம் வழங்கும் 'மரபியல்' தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி இயலுக்கும் பெயர். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை என்று இளமைப் பெயர்களைத் தொடங்கி, உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுப்பதும் அந்த இயல்தான். உயிருக்கு உரிய பெயரை இடுவது அங்கே மரபு. சிலந்தியின் பழம்பெயர் சிலம்பி. நெடுநல்வாடையில் குளிருக்குச் சுருட்டித் தொங்கவிட்ட விசிறியில் சிலம்பியின் வெண்ணூல் சூழ்ந்திருக்கும்.

'மரபணுப் பட்டைக்குறி' என்ற வழக்கை நான் முழுதாக ஏற்கவில்லை. மரபணு என்பது ஜீன். பூஞ்சைகளுக்குப் பட்டைக்குறியாகக் கொள்ளும் ஐ.டி.எஸ். பகுதி மரபணுக்களுக்கு இடையில் உள்ள துண்டு. அதற்கு இந்தப் பெயர் பொருந்தாது. டி.என்.ஏ.வை 'மரபிழை' என்று கொண்டால் 'மரபிழைப் பட்டைக்குறி' எல்லா உயிருக்கும் ஒத்துவரும். இழை என்பதால் இழைமணியோடும் சேர்ந்து நிற்கும். பொது வாசகருக்கு எழுதும்போது 'டி.என்.ஏ. பட்டைக்குறி' என்றாலும் குற்றமில்லை.

வினையாக்கும்போது கவனம் வேண்டும். 'பட்டைக்குறி இடுதல்' என்றால் நாம் ஏதோ சிலந்திமேல் முத்திரை குத்துவதுபோல ஆகிவிடும். குறி அதன் உடலிலேயே இருக்கிறது. நாம் அதைப் படிக்கிறோம். எனவே 'பட்டைக்குறி படித்தல்', அல்லது 'பட்டைக்குறி கொண்டு இனங்காணல்'. "இந்தக் குஞ்சுச் சிலந்தியை மரபிழைப் பட்டைக்குறி கொண்டு இனங்கண்டோம்" என்று ஆய்வேட்டில் தயங்காமல் எழுதலாம்.