நகரும் உறுப்பில்தான் பணம்: விண்வெளித் தொலைநோக்கிகள் ஏன் இவ்வளவு விலை, எங்கே பழுதாகின்றன?

பத்து மாவுங்கிலிருந்து பத்து காவானுக்குக் கடலைத் தாண்டும் பினாங்கின் இரண்டாவது பாலத்துக்குச் சுமார் 450 கோடி மலேசிய வெள்ளி செலவானது. 24 கிலோமீட்டர் நீளம். 2014 முதல் அதன்மேல் லாரியும் மோட்டார் சைக்கிளும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கிக்கு நாசாவின் பங்கு மட்டும் ஏறத்தாழ 970 கோடி டாலர். அது ஏவப்பட்ட 2021 டிசம்பரில் ஒரு டாலர் சுமார் 4 வெள்ளி 20 சென். கணக்குப் போட்டால் அப்படிப்பட்ட ஒன்பது பாலங்களின் விலை வருகிறது.

இவ்வளவு பணத்தைக் கொட்டி, ஒரு திருகு கழன்றால்கூட ஆள் அனுப்ப முடியாத 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் கொண்டுபோய் நிறுத்துவது சரியா என்று கோப்பிக்கடையில் ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. 2011இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக் குழு ஒன்று இதைக் கேட்டதோடு நிற்கவில்லை. திட்டத்துக்குப் பணமே கொடுக்க வேண்டாம் என்று முன்மொழிந்தது. கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால், பணம் எந்த உறுப்புக்குள் போனது என்று திறந்து பார்க்க வேண்டும்.

பொருளுக்குப் போகவில்லை. வெப்பின் 18 அறுகோணக் கண்ணாடிகளுக்கும் பூசிய தங்கம் மொத்தம் 48 கிராமுக்குச் சற்றே அதிகம். அதாவது 6 பவுன். நம் வீட்டுக் கல்யாணத்தில் பெண்ணின் கழுத்தில் ஏறுவது பெரும்பாலும் இதைவிட அதிகம். பூச்சின் தடிமன் ஏறத்தாழ 100 நானோமீட்டர்தான் என்பதால் அது போதுமாக இருந்தது.

செலவு வேறு இடத்தில் தொடங்குகிறது. வெப் பார்ப்பது அகச்சிவப்பு ஒளி, அதாவது வெப்பத்தை ஏந்திவரும் ஒளி. பினாங்குக் காற்றில் கலந்திருக்கும் ஈரப்பதம் அந்த ஒளியின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். மலையுச்சிக்குப் போனாலும் காற்றும் தொலைநோக்கியும் தாமே அதே அலைநீளத்தில் ஒளிர்கின்றன. எரியும் விளக்கை மடியில் வைத்துக்கொண்டு தூரத்து மின்மினியைத் தேடுவது போன்ற வேலை அது. ஆகவே காற்றைவிட்டு வெளியே போக வேண்டும். தொலைநோக்கியும் மைனஸ் 220 பாகைக்குக் கீழே குளிர வேண்டும். குளிர வேண்டுமானால் வெயில் படக்கூடாது. அதற்குத்தான் ஐந்தடுக்குத் திரை. 21 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலம். மூன்று பூப்பந்து ஆடுகளத்தை மூடிவிடும். சூரியனைப் பார்க்கும் முதல் அடுக்கின் தடிமன் 0.05 மில்லிமீட்டர், மற்ற நான்கும் அதில் பாதி.

இனி ராக்கெட்டைப் பாருங்கள். ஏரியான் 5இன் மூக்குக் கூண்டுக்குள் கிடைக்கும் அகலம் நாலரை மீட்டர்தான். கண்ணாடியின் விட்டமோ 6.5 மீட்டர், திரை அதைவிடப் பல மடங்கு. மடிக்காமல் ஏற்ற வழியில்லை. மடித்தால் விரிக்க வேண்டும். விரிக்க வேண்டுமென்றால் கீல், கப்பி, கம்பி, மோட்டார், தாழ்ப்பாள் எல்லாம் வேண்டும். திரைக்கு மட்டும் சுமார் 70 கீல் தொகுதிகள், 400 கப்பிகள், மொத்தம் 400 மீட்டர் நீளமுள்ள 90 கம்பிகள், 8 மோட்டார்கள்.

மடித்த திரையைப் பிடித்து வைத்திருந்தவை 107 பூட்டுகள். இந்த வகைப் பூட்டின் உள்ளே ஒரு நட்டு இரண்டு பாதியாகப் பிளந்திருக்கும். இரண்டு பாதியையும் சேர்த்து மெல்லிய கம்பி இறுகச் சுற்றியிருக்கும். கம்பியின் முனையைப் பிடித்திருப்பது உருகிக் கம்பி ஒன்று. மின்சாரம் பாய்ந்ததும் அது அறுந்துபோகும், சுற்று தளரும், நட்டின் பாதிகள் விலகும், கட்டு அவிழும். வெடிமருந்து இல்லை என்பதால் அதிர்வு குறைவு. ஆனால் 107இல் 106 திறந்து ஒன்று திறக்காமல் போனாலும் திரை விரியாது. திரை விரியாவிட்டால் குளிர்ச்சி இல்லை. குளிர்ச்சி இல்லாவிட்டால் தொலைநோக்கியே இல்லை. இப்படி, தனியாகப் பழுதானாலே திட்டத்தைச் சாய்த்துவிடக்கூடிய இடங்கள் வெப்பில் 344 என்று எண்ணி வைத்திருந்தார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை விரியும் உறுப்புகள்.

மின்னணுப் பகுதியில் இந்தத் தொல்லை குறைவு. ஹபிள் தொலைநோக்கியின் அறிவியல் கருவிகளை நடத்தும் கணினி 2021 ஜூனில் நின்றபோது, ஒரு மாதம் தேடிக் காரணத்தைக் கண்டு, மாற்றுத் தொகுதிக்கு மாறினார்கள், வேலை தொடர்ந்தது. கணினியை இரண்டாக வைக்கலாம், மின்சுற்றை இரண்டாக வைக்கலாம். ஒரு கீலுக்கு மாற்றுக் கீல் வைக்க முடியாது. மாற்று இல்லாத உறுப்புக்கு ஒரே காப்பு சோதனை, திரும்பவும் சோதனை. பணம் போனது அங்கே.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மின்னணுச் சில்லு வாடிக்கையாளரிடம் போவதற்கு முன் 125 பாகை போன்ற சூட்டில் ஓவனுக்குள் மின்சாரம் ஏற்றி மணிக்கணக்காக ஓட விடுவார்கள். சீக்கிரம் சாக வேண்டியது அங்கேயே சாகட்டும் என்பதுதான் பர்ன்-இன் சோதனையின் எண்ணம். அங்கே லட்சக்கணக்கில் சில்லு தயாராவதால் சோதனைச் செலவு ஒவ்வொன்றின் தலையிலும் சில சென்தான் விழும். வெப் ஒன்றே ஒன்று. முழுச் செலவும் அதன் தலையில்.

அதையும் முழுதாகச் சோதிக்க முடியவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கண்ணாடியையும் கருவிகளையும் 2017இல் ஹூஸ்டனில் ஒரு பெரிய வெற்றிடக் கூடத்துக்குள் வைத்து, ஏறத்தாழ நூறு நாள் குளிரூட்டிச் சோதித்தார்கள். நடுவில் ஹார்வி புயல் ஊரை மூழ்கடித்தபோதும் நிறுத்தவில்லை. ஆனால் விரித்த திரையோடு முழு வெப்பும் நுழையும் கூடம் எங்கும் இல்லை. திரை வெப்பத்தைத் தடுக்குமா என்பதை மூன்றில் ஒரு பங்கு அளவு மாதிரியில் சோதித்து, மீதியைக் கணக்கால் நிரப்பினார்கள். விரிப்பதைப் பழகியபோதோ தரையின் ஈர்ப்பு விசை குறுக்கே நின்றது. எடையைத் தாங்கிப் பிடித்து விரித்துப் பார்த்தார்கள். சந்தேகப்படுபவர்கள் கை வைக்க வேண்டிய இடம் இதுதான். தங்கமோ கண்ணாடியோ அல்ல.

கைத்தவறுகளும் விலையை ஏற்றின. 2018இல் ராக்கெட்டின் இரைச்சலைப் போல ஒலி எழுப்பிச் சோதித்தபோது, திரையின் உறையைப் பிடித்திருந்த திருகுகளும் வாஷர்களும் கழன்று விழுந்தன. அதற்கு முன்பு உந்துபொறியின் வால்வுகளைத் தவறான கரைப்பானால் கழுவியதில் அவை கெட்டன. இத்தகைய மனிதத் தவறுகளால் மட்டும் சுமார் ஒன்றரை ஆண்டுத் தாமதமும் ஏறத்தாழ 60 கோடி டாலர் கூடுதல் செலவும் ஆனதாகத் தனிக்குழு ஒன்று கணித்தது. ஒரு திருகு எப்படி இவ்வளவு விலை பெறுகிறது? திருகைத் தேடிப் பிடித்து மாட்டும் மாதங்களில் முழுக் குழுவும் சம்பளத்தில் இருக்கிறது. வேறு வேலைக்கு அனுப்பினால் அந்தக் கைகள் திரும்பி வராது. தாமதத்தின் விலை என்பது சம்பளத்தின் விலை.

முதலில் சொன்ன விலை தொண்ணூறுகளில் 50 கோடி டாலர், ஏவும் ஆண்டு 2007. இரண்டும் நடக்கவில்லை. கண்டுபிடிக்கப்படாத தொழில்நுட்பங்களுக்கு விலைப்பட்டியல் எழுதினால் அப்படித்தான் ஆகும். இந்த விஷயத்தில் திட்டத்தை விற்றவர்கள் குற்றவாளிகள், சந்தேகப்பட்டவர்கள் சரி.

சோதனையில் சிக்கனம் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹபிள் சாட்சி. 1990 ஏப்ரலில் ஏவிய பிறகுதான் அதன் 2.4 மீட்டர் கண்ணாடியின் விளிம்பு 2.2 மைக்ரான் அதிகமாகத் தட்டையாகிவிட்டது தெரிந்தது. மயிரிழையில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. கண்ணாடியைத் தேய்க்க வழிகாட்டிய ஒளியியல் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தது. லென்ஸின் தூரத்தை ஓர் அளவுகோல் தண்டால் அளந்தார்கள். தண்டின் முனையில் ஒரு மூடி, அதன் நடுவில் துளை. லேசர் ஒளி துளைவழியே போய்த் தண்டின் முனையில் பட்டுத் திரும்ப வேண்டும். மூடியின் மேலிருந்த கறுப்புப் பூச்சில் ஒரு சிறு இடம் உரிந்திருந்ததால் ஒளி அங்கேயே பட்டுத் திரும்பியது. லென்ஸ் எட்டவில்லையே என்று பார்த்தவர்கள் வாஷர் வைத்து இடைவெளியை நிரப்பினார்கள். இதைவிட எளிய வேறு இரண்டு கருவிகள் பிழையைக் காட்டின. அவை துல்லியம் குறைந்தவை என்று ஒதுக்கப்பட்டன. முழுத் தொலைநோக்கியையும் சேர்த்துச் சோதிப்பது விலை அதிகம் என்று விடப்பட்டது. 1993 டிசம்பரில் எண்டவர் விண்ணோடத்தில் போனவர்கள் ஐந்து விண்நடைகளில் அதைச் சரிசெய்தார்கள். ஹபிள் பூமிக்கு மேலே சில நூறு கிலோமீட்டரில் இருந்ததால் அந்த வழி கிடைத்தது. வெப்புக்கு அந்த வழி இல்லை.

ஹபிளின் தொடர் தலைவலி ஜைரோ. தொலைநோக்கி எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று சொல்லும் கருவி. உள்ளே ஒரு சக்கரம் நிமிடத்துக்கு 19,200 சுற்று சுழல்கிறது. சக்கரம் இருக்கும் உருளை, எஞ்சின் ஆயில்போலக் கெட்டியான திரவத்தில் மிதக்கிறது. மின்சாரம் அதற்குப் போவது மயிரைவிட மெல்லிய கம்பிகள் வழியாக. கெட்டித் திரவத்தை உள்ளே தள்ள அழுத்தமேற்றிய காற்றைப் பயன்படுத்தியதால், அதிலிருந்த ஆக்சிஜன் திரவத்தில் கலந்து கம்பியை அரித்தது, கம்பி அறுந்தது. 1999 நவம்பரில் ஆறில் நான்காவதும் போனபோது ஹபிள் ஆய்வையே நிறுத்திவிட்டுப் பாதுகாப்பு நிலையில் கிடந்தது. அடுத்த மாதமே ஆறையும் மாற்றினார்கள். பிறகு காற்றுக்குப் பதில் நைட்ரஜன், அதன்பின் கம்பிக்கும் பாதுகாப்புப் பூச்சு. வெப்பில் சுழலும் சக்கர ஜைரோவையே வைக்கவில்லை. அரைக்கோள வடிவக் குவார்ட்ஸ் கிண்ணம் ஒன்று அதிர்கிறது, தொலைநோக்கி திரும்பும்போது அதிர்வின் கோலம் நகர்கிறது, அதை அளக்கிறார்கள். தாங்குருளை இல்லை, தேய்வதற்கும் ஒன்றும் இல்லை.

இந்தியா மலிவாகச் செய்கிறதே என்பார்கள். 2015 செப்டம்பரில் ஏவிய ஆஸ்ட்ரோசாட் என்ற விண்வெளி ஆய்வகத்துக்கு ஏறத்தாழ 178 கோடி ரூபாய்தான் ஆனது. அறிவியல் பயனும் பெரிது. ஆனால் அதன் புறஊதாத் தொலைநோக்கிகள் ஒவ்வொன்றும் 37.5 சென்டிமீட்டர். 650 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. வெப்பைப்போல மடிக்கவும் வேண்டாம், உறைகுளிரும் வேண்டாம். சிறியதாகச் செய்ய முடிந்த வேலையைச் சிறியதாகச் செய்தார்கள். முதல் விண்மீன் திரள்களின் ஒளியை அந்த அளவுக் கண்ணாடியால் பிடிக்க முடியாது.

வெப் விரிந்த நாட்களில் என்ன நடந்தது? திரையின் உறை சுருண்டதைச் சொல்ல வேண்டிய சுவிட்சுகள் சைகை தரவில்லை. வெப்பநிலை மாறியதையும் ஜைரோ அளவுகளையும் வைத்து உறை விலகிவிட்டதை உறுதிசெய்து அடுத்த படிக்குப் போனார்கள். 107 பூட்டுகளும் திறந்தன. 2022 மே மாதம் மணல்துகள்போன்ற விண்கல் ஒன்று கண்ணாடித் துண்டு ஒன்றைத் தாக்கித் தழும்பு விட்டது. இப்போது துகள்கள் எதிர்த்து வரும் திசையை நோக்கிக் கண்ணாடியைத் திருப்புவதை இயன்றவரை தவிர்க்கிறார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு கருவியின் சக்கரம் திரும்பும்போது உராய்வு கூடியது. மறுபடியும் நகரும் உறுப்பு. அந்தச் சக்கரம் தேவைப்படும் ஆய்வு முறையை நிறுத்திவைத்து, சக்கரத்தைக் கவனமாகக் கையாளும் வழியை வகுத்து, நவம்பரில் மீண்டும் தொடங்கினார்கள். ஏரியான் குறி தவறாமல் ஏவியதால் பாதையைத் திருத்தும் எரிபொருள் மிச்சமானது. அது இருபது ஆண்டுக்கு மேல் வரும்.

ஹபிளில் 2009இல் வைத்த ஆறு ஜைரோவில் பழைய வகைக் கம்பி கொண்ட மூன்றும் போய்விட்டன. புதிய வகையில் ஒன்று தவறான அளவு காட்டத் தொடங்கியதால் 2024 ஜூன் முதல் ஒற்றை ஜைரோவில் ஓடுகிறது. இலக்குக்குத் திரும்ப அதிக நேரம் ஆகிறது; செவ்வாயைவிட அருகில் வரும் பொருள்களைப் பின்தொடர முடியாது. கடைசியாக மீந்த இரண்டில் ஒன்று சுழல்கிறது. மற்றொன்று மாற்றாகக் காத்திருக்கிறது.