கஜா புயல்: பிணைப்புகள் விட்டுப்போன இடங்கள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடப்பதற்கு முன்பே, 80,000க்கும் மேற்பட்டோர் தாழ்வான பகுதிகளிலிருந்து முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டிருந்தார்கள். முன்னேற்பாடு நன்றாக இருந்ததென்று எதிர்க்கட்சிகளும்கூடப் பாராட்டின. அடுத்த சில நாள்களில் அதே மாவட்டங்களில் குடிநீரும் மின்சாரமும் கேட்டு மக்கள் சாலை மறியலில் இறங்கினார்கள். பாராட்டு, கோபம் இரண்டுமே நியாயமானவை என்றுதான் எனக்குப் படுகிறது. மனிதர்களைப் புயலின் பாதையிலிருந்து அப்புறப்படுத்தக் கற்றுக்கொண்டுவிட்டோம். அப்புறப்படுத்த முடியாத கூரையும் கம்பமும் தென்னையும் என்ன ஆகும் என்பதில் அந்த அளவுக்குத் தேர்ச்சி பெறவில்லை.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தரும் அழுத்தம் நான்கு மடங்காகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது ஏறத்தாழ 17 கிலோ எடைக்கு நிகரான அழுத்தத்தைச் செலுத்துமென்றால், 120 கிலோமீட்டர் வேகத்தில் அது 68 கிலோவை எட்டிவிடும். ஆனால் கூரையைப் பொறுத்தவரை இந்தத் தள்ளுவிசையைவிட உறிஞ்சுவிசையே பெரிய ஆபத்து. கூரையைத் தாண்டி விரைந்து செல்லும் காற்று அதன் மேற்பரப்பில் அழுத்தத்தைக் குறைத்து, கூரையை மேல்நோக்கி இழுக்கிறது. காற்றடிக்கும் பக்கத்துக் கதவோ சன்னலோ திறந்துகொண்டால் உள்ளே புகும் காற்றும் கீழிருந்து தூக்குகிறது. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின் எடை சதுர மீட்டருக்குச் சுமார் 15 கிலோதான் என்பதால், அதை இருத்தி வைப்பது எடையல்ல, கொக்கி ஆணிகளே. ஓரங்களிலும் மூலைகளிலும் உறிஞ்சுவிசை மிகுதி என்பதால் அங்கே ஆணிகளை நெருக்கமாக அடிக்க வேண்டும். செலவைக் குறைக்க நினைப்பவர்களோ எல்லா இடத்திலும் ஒரே இடைவெளியில் அடித்துவிடுகிறார்கள்.

தகடு கைமரத்தோடும், கைமரம் சுவரோடும், சுவர் அடித்தளத்தோடும் விடாமல் பிணைக்கப்பட்டிருந்தால்தான் மேலே எழும் இழுவிசை மண்ணுக்குள் இறங்கும். இந்தத் தொடரில் எந்த இடம் மிக நலிந்ததோ அங்கே கூரை பிரியும். நான்கு பக்கமும் சரியும் கூரை இரு பக்கச் சரிவுக் கூரையைவிடப் புயலைத் தாங்கும் என்பதும், முன்னே நீளும் தாழ்வாரத்துக்குத் தனிக் கூரை போட்டால் அது பறந்தாலும் வீட்டுக் கூரை தப்பும் என்பதும் பொறியியலாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருபவை.

கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமடைந்தன. அத்தனையையும் காற்று நேரடியாகச் சாய்த்துவிடவில்லை. நேர்கோட்டில் நிற்கும் கம்பத்தை இருபுறக் கம்பிகளும் சமமாக இழுப்பதால் அந்த இழுவிசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. கம்பம் கம்பியின் எடையையும் பக்கவாட்டுக் காற்றையும் தாங்கினால் போதும். ஒரு தென்னை கம்பியின் மேல் விழுந்து ஒருபுறம் அறுந்துவிட்டால், மறுபுறத்து இழுவிசை முழுவதும் அந்தக் கம்பத்தின் மீது ஏறுகிறது. அது சாயும்போது அடுத்ததையும் இழுக்கிறது. சம்பா வயலின் சேற்றில் நட்ட கம்பமென்றால் பிடிமானமும் இல்லை. இப்படித் தொடரும் சரிவு, தரையோடு இழுத்துப் பிடிக்கும் இழுவைக் கம்பி கட்டிய வலுவான கம்பம் ஒன்றை எட்டும்போதுதான் நிற்கும். ஆகவே எல்லாக் கம்பங்களையும் தடிமனாக்குவதைக் காட்டிலும், குறிப்பிட்ட இடைவெளிகளில் அத்தகைய கம்பங்களை நிறுத்துவது சிக்கனமானது. நகரங்களில் மண்ணுக்கடியில் பதிக்கும் புதைவடம் இன்னும் நல்லது. 2011இல் வீசிய ‘தானே’ புயலுக்குப் பிறகு கடலூரில் அப்பணி மேற்கொள்ளப்பட்டது. பரந்து கிடக்கும் வயல்வெளிக்கு அதன் செலவு கட்டுப்படியாகாது.

கம்பம் விழுந்தால் விளக்கு மட்டும் அணைவதில்லை. மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரும், கைப்பேசிக் கோபுரமும், ஆழ்துளைக் கிணறும் அதே மின்சாரத்தை நம்பியவை. சீரமைப்போ துணைமின் நிலையத்தில் தொடங்கி, உயரழுத்தப் பாதை, மின்மாற்றி என்று இறங்கி, கடைசியில்தான் வீட்டுக்கு வருகிறது. கேரளத்திலிருந்துகூட மின்பணியாளர்கள் வந்து உழைத்தும் கடைக்கோடிச் சிற்றூர்கள் வாரக்கணக்கில் காத்திருந்ததற்கு இந்த வரிசையும் ஒரு காரணம். வரிசையை மாற்ற இயலாது. ஆனால் தொட்டிக்குத் தேவையான ஜெனரேட்டரைப் புயலுக்கு முன்பே ஊராட்சியில் கொண்டுவந்து வைத்துவிட்டால், மின்சாரம் வரும்வரை குடிநீர் காத்திருக்க வேண்டியதில்லை.

மிக நீண்ட காயம் தென்னையுடையது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, ஆலங்குடிப் பகுதிகளில் தோப்புகள் தோப்புகளாக விழுந்தன. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. அதன் சல்லிவேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், மரத்தைச் சுற்றிச் சுமார் இரண்டு மீட்டருக்குள்ளேயே பரவியிருக்கும். மழையில் ஊறிய மண்ணில் அந்தப் பிடி தளர்கிறது. புயலின் மையம் கடக்கும் இடங்களில் முதலில் வடக்கிலிருந்து வீசும் காற்று, சிறிது நேர அமைதிக்குப் பின் தெற்கிலிருந்து திரும்பி வீசுவதால், ஒருபுறம் ஆட்டம் கண்ட மரத்தை மறுபுறம் சாய்ப்பது எளிதாகிவிடுகிறது.

விழுந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும் அதை அகற்ற 500 ரூபாயுமாக 1,100 ரூபாயை அரசு வழங்கியது. அகற்றுவதற்கென்று தனித்தொகை வைத்தது அறிவியல்படி சரியான முடிவு. மட்கும் தென்னந்தண்டு காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகுவதற்கு மிகவும் ஏற்ற இடம். அங்கே வளரும் வண்டுகள் பின்னர் புதுக்கன்றுகளின் குருத்தைத் துளைக்கின்றன. மரங்களைத் தோப்பிலேயே போட்டுவிட்டுக் கன்று நடுபவர் வண்டுக்குத்தான் தீனி வைக்கிறார். ஆனால் ஒரே வாரத்தில் எல்லோருக்கும் மரம் அறுக்கும் இயந்திரமும் ஆளும் தேவைப்பட்டால் 500 ரூபாய் எங்கே போதும்?

கன்றுகளுக்கும் அதே நெருக்கடிதான். விதைத்தேங்காயைத் தேர்ந்து நாற்றங்காலில் வளர்த்துக் கன்றாக்கப் பல மாதங்கள் ஆகும் என்பதால், பெருந்தேவை திடீரென எழும்போது தரமற்ற கன்றுகளும் விலைபோகின்றன. அந்தத் தவறு தெரியவருவதோ காய்க்க வேண்டிய ஆண்டில்தான். நெட்டை ரகம் காய்க்க ஆறேழு ஆண்டுகளும், ஒட்டு ரகத்துக்கு நான்கைந்து ஆண்டுகளும் பிடிக்கும். ஏக்கருக்குச் சுமார் 70 மரம் என்ற கணக்கில் 25 அடி இடைவெளி விட்டு நட்டால், கன்றுகள் சிறிதாக இருக்கும் அந்த ஆண்டுகளில் இடையே வெயில் தாராளமாக விழும். உளுந்து, நிலக்கடலை, காய்கறி போன்ற ஊடுபயிர்கள் அங்கே விளையும். தேங்காய் வருமானத்துக்கு அவை ஈடாக மாட்டா. ஆனாலும் கன்று மரமாகும்வரை தோப்புக்காரரின் வீட்டுச் செலவில் ஒரு பகுதியையாவது அவை தாங்கும்.