சுரப்பியே இல்லாத உயிருக்கு எதற்கு இன்சுலின்?

பென்னாகரம் பக்கம் சித்திரை வெயிலில் ஒரு குட்டையைப் போய்ப் பாருங்கள். மாசியில் எருமைகள் முங்கிக் கிடந்த இடத்தில் கணுக்கால் நனைந்தால் பெரிது. தண்ணீர் சுண்டச் சுண்டச் சூடும் ஏறும், உப்பும் ஏறும். மீன்களைக் கொக்கு பார்த்துக்கொள்ளும். கண்ணுக்கே தெரியாத ஒருசெல் உயிரிகள் என்ன செய்யும்?

நமக்கு ஒரு நெருக்கடி என்றால் அட்ரினல் சுரப்பி உடனே அட்ரினலினை ரத்தத்தில் இறக்கிவிடும். ஒற்றைச் செல்லுக்குச் சுரப்பியும் கிடையாது, ரத்தமும் கிடையாது. அப்படியென்றால் ஹார்மோனும் இருக்காது என்றுதானே நினைப்போம்?

டெட்ராஹைமினா அந்த நினைப்பைக் கலைத்தது. இது நன்னீரில் வாழும் பேரிக்காய் வடிவ உயிரி. நீளம் மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. உடம்பெல்லாம் உள்ள நுண்மயிர்களைத் துடுப்பாகப் போட்டு நீந்தும். 1980இல் அமெரிக்காவில் டெரெக் லெராய்த், ஜெஸ்ஸி ராத் குழுவினர் இதற்குள் இன்சுலின் போன்ற ஒரு பொருளைக் கண்டார்கள். அப்புறம் ஹங்கேரியில் சாபா என்பவரின் குழு தேடத் தேட, நம் உடம்பில் செல்லுக்குச் செல் சேதி சொல்லும் ஹிஸ்டமின், செரடோனின் என்று ஒரு மளிகைக்கடையே உள்ளே இருந்தது. சூட்டையோ உப்பையோ கூட்டினால் இவற்றில் பலவற்றின் அளவும் கூடியது.

ஒரு எச்சரிக்கை. இவற்றைப் பெரும்பாலும் ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட பொருளை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் புரதம் கொண்டுதான் அளந்தார்கள். ஆன்டிபாடி ஆளைப் பார்ப்பதில்லை, சாயலைப் பார்க்கும். அதனால் ‘இன்சுலின்’ என்பதைவிட ‘இன்சுலின் சாயல் உள்ளது’ என்று சொல்வதே சரி.

சரி, அதனால் என்ன பயன்? டென்மார்க்கில் செய்த ஒரு சோதனைதான் எனக்குப் பிடித்தது. சத்துக்கரைசலில் செல்களை நெருக்கமாக விட்டால் பெருகின. மிகக் குறைவாக விட்டால் செத்தன. அதே கரைசலில் கொஞ்சம் இன்சுலின் சேர்த்ததும், தனித்துக் கிடந்தவையும் பிழைத்துக்கொண்டன. ஆக, ஒரு செல் கசியவிடுவதை இன்னொன்று வாங்கித்தான் உயிர் தரிக்கிறது போலிருக்கிறது. செல்லின் மேற்பரப்பில் இன்சுலின் ஒட்டிக்கொள்ள இடமும் உண்டு. அந்தக் கணக்கில் குட்டைத் தண்ணீர்தான் அவற்றுக்கு ரத்தம். குட்டை சுண்டும்போது செல்களும் நெருங்குகின்றன, கசிந்தது சீக்கிரம் போய்ச் சேரும். இது என் ஊகம்தான்.

சூடு கண்ட பூனை கதையும் இதில் உண்டு. ஒருமுறை ஹார்மோன் பட்ட செல், அடுத்த முறை வேறு மாதிரி நடந்துகொள்கிறது. பூனையோடு முடிகிற கதையும் இல்லை: நூற்றுக்கணக்கான தலைமுறைக்குப் பிறகும் அந்த மாற்றத்தின் தடம் தெரிந்திருக்கிறது. தீனி கிடைத்தால் இதற்கு ஒரு தலைமுறை என்பது மூன்று மணி நேரம். இன்றைய செல்லின் நூறாவது வாரிசு இரண்டு வாரத்துக்குள் நீந்தத் தொடங்கிவிடும்.