சவப்பெட்டியை மேலே தள்ளும் மண்

'இந்த ஊரில் சாவது சட்டப்படி குற்றம்' என்று ஸ்வால்பார்டைப் பற்றி ஒரு துணுக்கு வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சுத்தப் பொய். செத்தவரைப் பிடித்து எந்தப் போலீஸ் என்ன செய்துவிட முடியும்? ஆனால் இந்தப் பொய் கிளம்பிய இடம் சுவாரசியமானது. அது சட்டத்தில் இல்லை, மண்ணில் இருக்கிறது.

நார்வேக்கும் வட துருவத்துக்கும் இடையே கிடக்கும் தீவுக்கூட்டம்தான் ஸ்வால்பார்ட். அதில் பெரிய ஊர் லாங்யியர்பியன், 78 டிகிரி வடக்கில். பெரிய ஊர் என்றாலும் சுமார் 2,500 பேர்தான். அங்கே மண் ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும், மலைகளில் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு. கோடையில் மட்டும் மேலே ஒரு மீட்டர் போல இளகிச் சேறாகும், குளிர் வந்ததும் மறுபடி இறுகும். வம்பெல்லாம் இந்த ஒரு மீட்டரில்தான்.

ஃப்ரீசரில் நிறைய தண்ணீர் ஊற்றி வைத்து மறந்துபோன பாட்டில் விரிசல் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. மண்ணில் நடப்பது அதோடு நிற்பதில்லை. உறைந்துகொண்டிருக்கும் இடம் சுற்றியுள்ள ஈரத்தைத் தன் பக்கம் உறிஞ்சி இழுக்கும். அப்படி வந்த நீர் தகடு தகடாகப் பனிக்கட்டியாகி மேலிருக்கும் மண்ணைத் தூக்கும். மண்ணோடு அதில் புதைந்திருக்கும் கல்லும் எழும்பும், கல்லுக்கு அடியில் ஒரு சின்ன இடைவெளி விழும், கோடையில் சேறு சரிந்து அதை அடைத்துவிடும், அப்புறம் கல் பழைய இடத்துக்கு இறங்கவே முடியாது. வருஷத்துக்குக் கொஞ்சம், அவ்வளவுதான். கல்லுக்கு நடப்பதுதான் சவப்பெட்டிக்கும்.

1918-ல் ஸ்பானிஷ் ஃப்ளூவில் இறந்த ஏழு இளைஞர்களை அங்கே புதைத்திருந்தார்கள். அந்த வைரஸ் பனியில் கெடாமல் இருக்குமோ என்று 1998-ல் ஒரு ஆய்வுக்குழு போய்த் தோண்டியது. பெட்டிகள் கெட்டியாக உறைந்த ஆழத்தில் இருக்கும் என்று நினைத்துத் தோண்டினால், ஒரு மீட்டர்கூட ஆழமில்லை. வருஷா வருஷம் இளகி இறுகும் அந்த மேலடுக்கிலேயே கிடந்தன, உயிருள்ள வைரஸும் கிடைக்கவில்லை. அந்தக் கல்லறையில் சவப்பெட்டி புதைப்பதை 1950 வாக்கிலேயே நிறுத்திவிட்டார்கள். அஸ்திக் கலசம் என்றால் அனுமதி வாங்கிப் புதைக்கலாம்.

சரி, செத்தவர்களையே தூக்கும் மண் உயிரோடு இருப்பவர்களின் வீட்டை விட்டுவைக்குமா? அதனால்தான் அங்கே வீடுகள் தரையில் உட்காருவதில்லை, கம்பங்களின் மேல் நிற்கின்றன. வீட்டுச் சூடு மண்ணுக்கு இறங்கினால் அடியில் இளகி வீடு சாய்ந்துவிடும், ஆகவே கீழே காற்றோட்டத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். கம்பத்தையும் அந்த மேலடுக்கு கவ்வி மேலே இழுக்கப் பார்க்கும். ஆழத்தில் நிரந்தரமாக உறைந்த மண் அதைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், எனவே கம்பம் அந்த ஆழம் வரை இறங்கியாக வேண்டும். தண்ணீர்க் குழாய், சாக்கடைக் குழாய் எல்லாம் சூடு போகாதபடி போர்த்தித் தரைக்கு மேலேயே ஓடுகின்றன.

மனிதர்கள் கதையும் கொஞ்சம் இப்படித்தான். பூர்வகுடி என்று யாருமே இல்லை. 1906-ல் லாங்யியர் என்ற அமெரிக்கரின் கம்பெனி நிலக்கரி வெட்ட வந்து உண்டாக்கிய ஊர் இது. ஸ்வால்பார்டைப் பற்றி 1920-ல் பல நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் அங்கே தங்க விசா வேண்டாம் (அங்கே போகும் விமானம் நார்வே வழியாகத்தான், அதற்கு ஐரோப்பாவின் ஷெங்கன் விசா கேட்பார்கள், அது தனிக் கதை). நார்வேக்காரர்களுக்கு அடுத்தபடியாகத் தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் மக்கள்தான் அதிகம். ஆனால் சம்பாதித்துப் பிழைக்க முடிந்தால்தான் இருக்கலாம். முதியோர் இல்லம் கிடையாது, ஆஸ்பத்திரியும் சின்னது. கர்ப்பிணிகள் பிரசவத்துக்குச் சில வாரம் முன்பே நார்வேயின் பெருநிலப் பகுதிக்குப் போய்விடுகிறார்கள். பலர் சில வருஷம் இருந்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அதே தீவில் இருந்த ரஷ்யச் சுரங்க ஊரான பிரமிடனை 1998-ல் ஒட்டுமொத்தமாகவே காலி செய்துவிட்டார்கள்.

இப்போது சிக்கல், தீவு வேகமாகச் சூடாகி வருவது. மேலடுக்கு ஆழமாக இளக இளக, பழைய மரக் கம்பங்களுக்குப் பிடி தளர்கிறது, ஈரம் ஏறி மரமும் இற்றுப்போகிறது. அதனால் புதுக் கட்டடங்களுக்கு உறைமண்ணை நம்பாமல், இரும்புக் கம்பங்களைப் பாறை வரைக்கும் துளைத்து இறக்குகிறார்கள்.