தகைமைச் சட்டகம், ஏற்பு, இணைமதிப்பு: சொல் விளக்கம்

ஒரு நாட்டில் தரப்படும் பள்ளி, கல்லூரி, தொழிற்பயிற்சிச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரே படிவரிசையில் நிறுத்தி, எந்தப் படியில் இருப்பவருக்கு என்ன தெரிந்திருக்கும், என்ன செய்ய வரும் என்று எழுதிவைக்கும் ஏற்பாடுதான் 'நேஷனல் குவாலிஃபிகேஷன்ஸ் ஃப்ரேம்வொர்க்'. தமிழ்நாட்டில் இதைத் 'தேசிய தகுதிக் கட்டமைப்பு' என்று எழுதிவருகிறோம். தமிழும் ஆட்சிமொழியாக உள்ள இலங்கையில் 'குவாலிஃபிகேஷன்' என்பதற்கு வழங்கும் சொல் 'தகைமை'. இரண்டில் இலங்கை வழக்கே சரியென்று எனக்குப் படுகிறது.

காரணம் இருக்கிறது. 'குவாலிஃபிகேஷன்' லத்தீன் வழிச் சொல். 'குவாலிஸ்' என்றால் எத்தகைய. 'ஃபாகெரே' என்றால் செய்தல், ஆக்குதல். ஒருவர் எத்தகையவர் என்று வரையறுப்பதே அதன் வேர்ப்பொருள். தமிழில் 'எத்தகைய' என்ற சொல்லுக்குள்ளேயே 'தகை' இருக்கிறது. அதிலிருந்து வந்தது தகைமை. தகுதி, தகவு, தக்கார் எல்லாம் 'தகு' என்ற அதே வேரிலிருந்து கிளைத்தவைதான். குறளிலேயே தகுதியும் உண்டு (111), தகைமையும் உண்டு (613). ஆனால் இன்றைய புழக்கத்தில் 'தகுதி' வேறு வேலைக்குப் போய்விட்டது. ஆசிரியர் தகுதித் தேர்வு, வயதுத் தகுதி, 'விண்ணப்பிக்கத் தகுதியானவர்' என்று சொல்லும்போதெல்லாம் நாம் குறிப்பது 'எலிஜிபிலிட்டி'யை. பி.எஸ்சி. பட்டம் ஒருவரிடம் உள்ள தகைமை. அந்தப் பட்டத்தை வைத்து ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கலாமா என்பது தகுதி. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டால் அரசாணையைப் படிப்பவர் திணறுவார்.

'ஃப்ரேம்வொர்க்' என்பதற்குச் சட்டகம் போதும். படச்சட்டம், கதவுச்சட்டம் என்று வீட்டிலேயே புழங்கும் சொல்லின் உறவு அது. 'கட்டமைப்பு' என்று எழுதினால் சாலையும் பாலமும் நினைவுக்கு வருகின்றன.

சரி, சட்டகம் என்ன செய்கிறது? இலங்கைத் தகைமைச் சட்டகம் 2012இல் வந்தது. அதில் 12 படிகள். 'சாதாரண தரம்' என்ற பள்ளித் தேர்வு முதல் படி, அதற்கு அடுத்த பள்ளித் தேர்வான 'உயர்தரம்' இரண்டாம் படி, மூன்றாண்டுப் பட்டம் ஐந்து, சிறப்புப் பட்டம் (ஆனர்ஸ்) ஆறு, முனைவர் பட்டம் பன்னிரண்டு. தொழிற்பயிற்சிக்கு ஏழு படிகள் கொண்ட தனி வரிசை உண்டு. அதன் ஏழாம் படி, பல்கலைக்கழக வரிசையின் ஐந்தாம் படிக்கு நேராக வைக்கப்பட்டிருக்கிறது. பட்டறையில் தொடங்கியவரும் பட்டம் வரை ஏறலாம் என்று ஓர் அரசு எழுத்தில் ஒப்புக்கொள்வது சின்ன விஷயமல்ல.

ஐரோப்பியச் சட்டகத்தில் படிகள் எட்டுதான். இளநிலைப் பட்டம் ஆறாம் படி. ஆகவே எண்ணை எண்ணோடு ஒப்பிடக் கூடாது. படிக்கான விவரிப்பைத்தான் ஒப்பிட வேண்டும்.

படிப்பின் அளவைக் காட்டும் 'கிரெடிட்' கணக்கிலும் இதே பொறி உண்டு. இலங்கையில் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 90 கிரெடிட், ஐரோப்பாவில் 180. பார்த்தவுடன் பாதிப் படிப்பு என்று தோன்றும். ஆனால் இலங்கையில் ஒரு கிரெடிட் என்பது 50 மணி நேரக் கற்றல். வகுப்பு, நூலகம், வீட்டில் படிப்பது எல்லாம் சேர்ந்தது. ஐரோப்பாவில் ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி நேரம். பெருக்கிப் பாருங்கள்: இலங்கையில் 4,500 மணி நேரம், ஐரோப்பாவிலும் 4,500இலிருந்து 5,400 வரைதான். யாழ்ப்பாணத்திலிருந்து மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர் இந்தக் கணக்கை ஒரு வரியில் விண்ணப்பத்தோடு எழுதி அனுப்புவது நல்லது. எதிர்முனையில் இருப்பவர் தானாகப் பெருக்கிப் பார்ப்பார் என்று நம்பி இருந்துவிட வேண்டாம்.

அடுத்து 'ரெகக்னிஷன்'. இதற்கு நாம் கண்ணை மூடிக்கொண்டு 'அங்கீகாரம்' என்று எழுதுகிறோம். சமஸ்கிருத வேரில் அது ஒன்றைத் தன் அங்கமாக்கிக்கொள்வது, அதாவது ஏற்பது. பொருளில் தவறில்லை. சிக்கல் என்னவென்றால், கல்லூரியின் தரத்தை மதிப்பிட்டுத் தரும் 'அக்ரெடிடேஷ'னும் அங்கீகாரம், பாடத்திட்டத்துக்குக் கிடைக்கும் அனுமதியும் அங்கீகாரம், வெளிநாட்டுப் பட்டத்தை நம் நாடு ஒப்புக்கொள்வதும் அங்கீகாரம். 'அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம்' என்ற விளம்பரத்தைப் பார்த்து, பட்டம் ஊரில் செல்லும் என்று நம்பிக் கடன் வாங்கிச் சேரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தக் கல்லூரி தன் நாட்டில் அங்கீகாரம் பெற்றிருக்கலாம். இங்கே வேலைக்கு அந்தப் பட்டத்தை ஏற்பார்களா என்பது வேறு கேள்வி. அதனால் 'ரெகக்னிஷ'னை 'ஏற்பு' என்றும், 'அக்ரெடிடேஷ'னைத் 'தரச்சான்று' என்றும் பிரித்தே எழுத வேண்டும்.

'ஈக்குவலன்ஸ்' இன்னொன்று. 'சமநிலை' என்றால் தராசும் மனமும் நினைவுக்கு வரும். 'நிகர்நிலை'யைப் பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொண்டன. 'இணைமதிப்பு' என்று வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பட்டத்தை உள்நாட்டுப் பட்டம் ஒன்றுக்கு இணையாக மதிப்பதே இணைமதிப்பு. இந்தியாவில் நெடுங்காலம் இந்தச் சான்றை இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் தந்துவந்தது. 2025இல் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கென்றே விதிமுறை கொண்டுவந்தது. அதன் தலைப்பிலேயே ஏற்பும் இணைமதிப்பும் தனித்தனியாகத்தான் நிற்கின்றன.

பிற நாட்டுப் படிப்புகளை ஏற்பது பற்றி ஐரோப்பா 1997இல் செய்துகொண்ட லிஸ்பன் உடன்படிக்கையில் சாய்வு ஏற்பின் பக்கம். பாடத்துக்குப் பாடம் ஒத்துப்போக வேண்டியதில்லை. பெரிய வேறுபாடு இருந்தால் மட்டுமே மறுக்கலாம். அப்படி இருப்பதைக் காட்ட வேண்டிய பொறுப்பும் மறுக்கும் அலுவலகத்துடையது. விண்ணப்பிப்பவர் கையில் இதைவிட வலுவான பிடி கிடையாது. இதே போக்கில் யுனெஸ்கோவின் உலகளாவிய உடன்படிக்கையும் 2019இல் நிறைவேறி, 2023 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது.

'அப்போஸ்டில்' என்பது ஏற்பும் அல்ல, இணைமதிப்பும் அல்ல. சான்றிதழில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று மட்டும் சொல்லும் ஒட்டுச்சான்று அது. இந்தியாவில் 2005 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அப்போஸ்டில் வாங்கியாயிற்று, இனிப் பட்டம் செல்லும் என்று முகவர் சொன்னால் நம்பாதீர்கள்.

ஜெர்மனிக்குச் செல்லும் நம் செவிலியர்களுக்கு முதலில் வரும் கடிதம் பெரும்பாலும் முழு ஏற்பாக இருப்பதில்லை. உங்கள் படிப்பில் இன்னின்ன பகுதிகளில் இவ்வளவு குறைகிறது என்று அது பட்டியலிடும். தகவமைப்புப் பயிற்சி அல்லது அறிவுத் தேர்வு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு அந்தக் குறையை நிரப்பலாம். இதைப் 'பகுதி ஏற்பு' என்று சொன்னால் வீட்டில் இருப்பவர்களுக்கும் நிலைமை புரியும். 'அங்கீகாரம் கிடைக்கவில்லை' என்று சொல்வதால்தான், பாதி ஏற்கப்பட்ட படிப்பை முழுதும் தள்ளிவிட்டதாக நினைத்து ஊரில் அழுகிறார்கள்.