கொம்பு முளைத்த பெண்மான்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் வெள்ளைவால் மான்களுக்கான வில்வேட்டைப் பருவம் செப்டம்பர் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. கோடை வெப்பம் தணியாத அந்நாட்களில் சில ஆண்மான்களின் கொம்புகளை இன்னும் மென்மையான மயிரடர்ந்த தோல் போர்த்தியிருக்கும். வேட்டைக்காரர்கள் இதை ‘வெல்வெட்’ என்கிறார்கள். அத்தகைய கொம்பை விரும்பியே முதல் நாட்களில் காட்டுக்குள் காத்திருப்பவர்கள் உண்டு. வீழ்த்திய மானைப் புரட்டி வயிற்றைக் கீறக் குனியும்போது, மிக அரிதாக, அவர்களில் ஒருவர் திகைத்து நின்றுவிடுகிறார். தலையில் கொம்பு இருக்கிறது. விதைப்பை இருக்க வேண்டிய இடத்திலோ மடி இருக்கிறது.

இது கண்ணின் பிழையன்று. கொம்புள்ள பெண்மான்கள் வட அமெரிக்காவில் நெடுங்காலமாகப் பதிவாகி வருகின்றன. வேட்டை விதிகளும் இதற்கு இடம் கொடுத்தே எழுதப்பட்டுள்ளன: நியூயார்க் மாநிலத்தில் ஒரு கொம்பாவது 3 அங்குல நீளம் இருந்தால் அது ‘கொம்புள்ள மான்’, ஆணா பெண்ணா என்பது அங்குக் கேள்வியே இல்லை. விதி இவ்வாறு எளிதாகத் தீர்த்துவிட்டாலும், ஆணுக்கே உரியதென்று நாம் எண்ணும் உறுப்பு பெண்ணின் தலையில் எப்படி வளர்ந்தது என்ற கேள்வி எஞ்சுகிறது. அதற்கான விடை, கொம்பை மூடியிருக்கும் அந்தத் தோலிலேயே இருக்கிறது.

தமிழில் ‘கொம்பு’ என்ற ஒரே சொல்லால் இரு வேறு பொருள்களைச் சுட்டுகிறோம். கிண்டியில் காணும் வெளிமானின் கொம்பு, எலும்பு நடுத்தண்டின்மேல் நகத்தின் பொருளான கெரட்டின் உறையாகப் படிந்து, வாழ்நாள் முழுவதும் நிலைத்திருப்பது. புள்ளிமானுக்கும் வெள்ளைவால் மானுக்கும் உள்ள கொம்போ முழுவதும் எலும்பு; அது விழுந்து மீண்டும் முளைப்பது. வெள்ளைவால் ஆண்மானுக்கு வசந்தத்தில் தொடங்கும் வளர்ச்சி ஆகஸ்டு மாதத்திற்குள் முடிந்துவிடும். பெரிய மான் இனங்களில் கொம்பு நாளொன்றுக்கு 2 செ.மீ. அளவுக்குக்கூட நீள்வதுண்டு. பாலூட்டிகளின் உடலில் இவ்வளவு விரைவாக வளரும் எலும்பு வேறில்லை. நுனியில் முதலில் குருத்தெலும்பு உருவாகி, பின்னர் எலும்பாக மாறுகிறது. அந்த வேகத்துக்கு வேண்டிய இரத்தத்தைக் கொண்டுவருவது வெல்வெட் தோல். வளரும் கொம்பைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பதும், அடிபட்டால் இரத்தம் கசிவதும் இதனால்தான்.

இந்த வளர்ச்சியை ஆள்வது டெஸ்டோஸ்டிரோன் எனும் ஹார்மோன். ஆனால் அது வளர்ச்சியைத் தூண்டுவது மட்டுமன்று, நிறுத்துவதும் அதுவே. நெற்றி எலும்பிலிருந்து கொம்புக்கான காம்பு முதன்முதலில் எழுவதற்கு அது சிறிதளவு தேவை. கொம்பு நீண்டு வளரும் கோடைக் காலம் முழுவதும் அதன் அளவு குறைவாகவே இருக்கிறது. கோடைக்காலத்தின் பிற்பகுதியில் பகல் சுருங்கச் சுருங்க, மூளையின் பீனியல் சுரப்பி நீண்ட இரவுகளை மெலடோனின் வழியாக உடலுக்கு உணர்த்த, விதைகள் விழித்துக்கொண்டு டெஸ்டோஸ்டிரோனைப் பெருமளவில் சுரக்கின்றன. அப்பெருக்கில் கொம்பு முற்றி இறுகுகிறது. தோலுக்கு இரத்தம் நிற்கிறது. மான் மரத்தில் கொம்பைத் தேய்த்து உலர்ந்த தோலை உரித்துவிடுகிறது. குளிர்காலத்தில் அந்த அளவு மீண்டும் சரியும்போது, காம்புக்கும் கொம்புக்கும் இடையே உள்ள எலும்பை அரிக்கும் செல்கள் வேலையைத் தொடங்கி, கொம்பு கழன்று விழுகிறது.

ஆக, தொடங்குவதற்கு வேண்டிய அளவு ஒன்று, முடிப்பதற்கு வேண்டிய அளவு வேறொன்று. இதைப் பிடித்துக்கொண்டால் பெண்மானின் புதிர் அவிழத் தொடங்கும். பெண்ணின் அட்ரீனல் சுரப்பிகளும் சூலகங்களும் இயல்பாகவே சிறிதளவு டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. கட்டி போன்ற ஏதோவொரு காரணத்தால் அந்த அளவு சற்று உயர்ந்துவிட்டால், முதல் வாயிலைத் தாண்டக் காம்பு எழுந்து கொம்பு முளைக்கிறது. இரண்டாம் வாயிலை எட்டும் பெருக்கு மட்டும் வருவதில்லை. எனவே அவளுடைய கொம்பு முற்றுவதில்லை, தோல் உரிவதில்லை. செப்டம்பரில் அவளை ஆணிலிருந்து பிரித்தறிவது கடினம். நவம்பரில், ஆண்மான்கள் யாவும் பளபளக்கும் வெற்றுக் கொம்புடன் திரியும் காலத்தில், அவள் மட்டும் வெல்வெட்டுடன் நிற்பாள். தோலுரிந்து மெருகேறிய கொம்புடன் ‘பெண்’ போலத் தோன்றும் மான் கிடைத்தால், அதன் வயிற்றுக்குள் மறைந்த விதைகள் இருக்கலாம் என்று உயிரியலாளர்கள் முதலில் ஐயுறுவதும் இதே காரணத்தால்தான். வெல்வெட் கொம்புள்ள உண்மையான பெண்மான்களோ, பல நேரங்களில் கருவுற்றுக் குட்டி ஈனக்கூடியவை.

இது வெறும் ஊகமன்று. 1947-இல் ஜார்ஜ் விஸ்லாக்கியும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வில், டெஸ்டோஸ்டிரோன் செலுத்தப்பட்ட பெண்மான்களுக்குக் கொம்பு வளர்ந்தது. அதன் மறுபக்கத்தையும் பலர் கண்டிருக்கிறார்கள்: வெல்வெட் பருவத்தில் விதை நீக்கப்பட்ட ஆண்மானின் கொம்பு தோலுரிவதுமில்லை, கழல்வதுமில்லை. விபத்தாலோ நோயாலோ விதைகள் பழுதான ஆண்மானுக்கும் இதுவே நேர்கிறது. அதன் கொம்பு கட்டுக்கடங்காமல் முடிச்சு முடிச்சாகப் பருத்துவிடுவதால், வேட்டைக்காரர்கள் அதைக் கள்ளிச்செடிக்கு ஒப்பிட்டுப் பெயரிட்டிருக்கிறார்கள்.

எனக்கு இவற்றிலெல்லாம் மிகுந்த வியப்பூட்டுவது 1970களில் ஜெர்மன் ஆய்வாளர்கள் செய்த சோதனை. நெற்றி எலும்பில் கொம்பு எழும் இடத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வை எடுத்து மானின் காலில் ஒட்டவைத்தார்கள். காலிலேயே கொம்பு முளைத்தது. கொம்பாகும் திறன் அந்தச் சவ்வில்தான் உறைந்திருக்கிறது; ஹார்மோன் அதை எழுப்புகிறது, அவ்வளவே. அந்தச் சவ்வு பெண்மானின் நெற்றியிலும் உண்டு. துருவப் பகுதியின் ரெயின்டீர் மான்களில் பெண்களும் ஆண்டுதோறும் கொம்பு தாங்குகின்றன. பிற இனங்களின் பெண்களில் அதே திறன் எழுப்பப்படாமல் கிடக்கிறது.

முடிப்பதற்கான ஆணை வராத கொம்புக்குக் குளிர்காலம் கடுமையானது. இரத்தம் ஓடும் தோல் உறைபனியைத் தாங்காது. விதை நீக்கப்பட்ட ஆண்மான்களில் கொம்பின் நுனிகள் உறைந்து உதிர்ந்துபோக, எஞ்சிய அடிப்பகுதியிலிருந்து அடுத்த வசந்தத்தில் வளர்ச்சி கோணலாகத் தொடர்கிறது. வெல்வெட் உரியாத பெண்மானின் கொம்பும் அதே குளிரைத்தான் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.